நியமனக் கடிதத்துக்குக் காத்திராத ஆசிரியை: எமி நோதர் (1882–1935)

நம் பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு பிள்ளை இருப்பாள். கணிதப் பரிசு, விஞ்ஞானப் பரிசு, பொதுத் திறமைப் பரிசு என்று மூன்று நான்கு தரம் மேடையேறி இறங்குவாள். இவள் பெரிய இடத்துக்கு வருவாள் என்று எல்லோரும் சொல்வார்கள். அவளோடு ஒரே வாங்கில் இருந்து படித்த நமக்கு, பிறகு நடந்ததும் தெரியும். சிலர் சொன்னபடியே வந்தார்கள். சிலர் பட்டம் பெற்றபின் நியமனத்துக்காகக் காத்திருந்து, தொண்டர் ஆசிரியைகளாகவே பல ஆண்டுகளைக் கழித்தார்கள். சிலர் இடப்பெயர்வில் சான்றிதழ்களை மட்டும் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு புறப்பட்டு, அந்நிய நாடொன்றில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார்கள். இந்த மலரை லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேர்ணிலும் இருந்து வாசிப்பவர்களில் அப்படியானவர்கள் பலர் இருப்பீர்கள்.

நூற்றாண்டு மலருக்கு ஒரு கல்விமானின் வாழ்க்கையை எழுத வேண்டும் என்று வந்தபோது, மேரி கியூரியைப் பற்றி நம் பாடசாலைச் சஞ்சிகைகளில் எத்தனையோ தரம் எழுதியாயிற்றே என்று எண்ணினோம். ஆகவே அவருக்குப் பதினைந்து ஆண்டுகள் இளையவரான ஜேர்மனியக் கணித மேதை எமி நோதரை எடுத்துக்கொண்டோம். பெயர் பலருக்குப் புதிதாக இருக்கலாம். ஆனால் உயர்தரத்தில் பௌதிகவியல் படித்த நாமெல்லோரும் சக்திக் காப்பு விதியையும் உந்தக் காப்பையும் பாடமாக்கி எழுதிப் புள்ளி வாங்கியவர்கள். அந்த விதிகள் ஏன் உண்மையாக இருக்கின்றன என்று வகுப்பில் ஒருவரும் கேட்டதாக நினைவில்லை. அந்தக் கேள்விக்கு விடை கண்டவர் இவர்.

எமி நோதர் 1882 மார்ச் 23ஆம் திகதி ஜேர்மனியின் பவேரியாவிலுள்ள எர்லாங்கன் என்ற சிறிய பல்கலைக்கழக நகரில், யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை மக்ஸ் நோதர் அங்கே கணிதப் பேராசிரியர். சிறு வயதில் போலியோ தாக்கியதால் கால் ஊனமுற்றவர். வீட்டில் நான்கு பிள்ளைகள். எமி மூத்தவர், மற்ற மூவரும் ஆண்கள். பெண்பிள்ளைகளுக்கான பாடசாலைக்குப் போனார். மொழிகளும் பியானோவும் வீட்டுப் பழக்கவழக்கங்களும் அங்கே கற்பிக்கப்பட்டன. பல்கலைக்கழகத்துக்கு வழிகாட்டும் கல்வி தம்பிமாருக்குத்தான் உரியது. எமியிடம் அந்த வயதில் ஒரு மேதையின் அறிகுறி எதையும் யாரும் காணவில்லை. கிட்டப்பார்வை உள்ள, கெட்டிக்கார, எல்லோருடனும் நன்றாகப் பழகும், நடனமாட விரும்பும் பிள்ளை. அவ்வளவுதான். நாம் மேலே சொன்ன பரிசளிப்பு விழாப் பிள்ளை அல்லர்.

1900ஆம் ஆண்டு ஆங்கிலமும் பிரெஞ்சும் கற்பிப்பதற்கான அரச ஆசிரியப் பரீட்சையில் சித்தியடைந்தார். பெண்கள் பாடசாலையொன்றில் வேலை கிடைத்திருக்கும். கௌரவமான வாழ்க்கை. வீட்டாரும் நிம்மதியடைந்திருப்பார்கள். பதினெட்டு வயதுப் பெண் அந்த வேலைக்குப் போகாமல் கணிதம் படிக்கப் போகிறேன் என்று முடிவெடுத்ததுதான் இந்த வரலாற்றின் முதலாவது திருப்பம். ஏன் அப்படி முடிவெடுத்தார் என்று அவர் எங்கும் விரித்துரைத்ததாகத் தெரியவில்லை. தம்மைப் பற்றிப் பேசுவதில் அவருக்கு அக்கறை இருந்ததில்லை.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர்தான் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தின் பேரவை, பெண்களை அனுமதித்தால் கல்வி ஒழுங்கு முழுவதும் குலைந்துவிடும் என்று முடிவு செய்திருந்தது. பெண்கள் பின்வாங்கில் இருந்து கேட்கலாம், அதற்கும் ஒவ்வொரு விரிவுரையாளரிடமும் தனித்தனியே அனுமதி பெறவேண்டும். அந்த ஆண்டு அங்கே 986 மாணவர்கள். அவர்களில் பெண்கள் இருவர். ஒருவர் எமி. இப்படி மூன்று ஆண்டுகள் கேட்டுப் படித்துக்கொண்டே, ஆண்பிள்ளைகள் பாடசாலையில் எழுதும் இறுதிப் பரீட்சைக்கும் தம்மைத் தயார்ப்படுத்தி, 1903இல் சித்தியடைந்தார். ஒரு தவணை கோட்டிங்கன் பல்கலைக்கழகம் சென்று ஹில்பேர்ட், கிளைன், மின்கோவ்ஸ்கி போன்றோரின் விரிவுரைகளைக் கேட்டார். 1904இல் எர்லாங்கன் பெண்களுக்குக் கதவைத் திறந்ததும் ஊருக்குத் திரும்பி முறைப்படி பதிந்துகொண்டார்.

1907இல் கலாநிதிப் பட்டம். வழிகாட்டியவர் தந்தையின் நண்பரான பேராசிரியர் போல் கோர்டான். அவர் பக்கம் பக்கமாகச் சமன்பாடுகளை எழுதிக் கணித்து முடிவு காண்பவர். மாணவியும் அவ்வழியே சென்றார். குறிப்பிட்ட ஒருவகைக் கோவைகளுக்கு 331 மாறிலிக் கோவைகளைக் கண்டு பட்டியலிட்டு ஆய்வேட்டை முடித்தார். மிகச் சிறந்த சித்தி. பிற்காலத்தில் இந்த ஆய்வேட்டைக் குப்பை என்று அவரே ஒதுக்கிவிட்டார். கேட்பவர்கள் தன்னடக்கம் என்று நினைப்பார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. தாம் செய்த வேலைக்குக் கிடைத்த புகழைவிட அந்த வேலையின் பெறுமதியைச் சரியாக அளக்கத் தெரிந்தவரின் தீர்ப்பு அது. பாராட்டப்பட்ட பாதையிலேயே தொடர்ந்து போயிருந்தால் இன்று அவர் பெயர் யாருக்கும் தெரிந்திராது.

இனி வருவது எட்டு ஆண்டுகள். 1908 முதல் 1915 வரை எமி நோதர் எர்லாங்கனில் கற்பித்தார், ஆராய்ந்தார், தந்தைக்கு உடல்நிலை சரியில்லாத நாட்களில் அவருக்குப் பதிலாக விரிவுரை நடத்தினார், பிறருடைய பெயரில் இருந்த ஆய்வு மாணவர்களுக்கு வழிகாட்டினார். சம்பளம் இல்லை. பதவிப் பெயரும் இல்லை. நம் ஊர் வழக்கில் சொன்னால் கலாநிதிப் பட்டம் பெற்ற தொண்டர் ஆசிரியை. 1911இல் எர்லாங்கனுக்கு வந்த ஏர்ன்ஸ்ற் ஃபிஷர் என்ற பேராசிரியருடன் தொடர்ந்து உரையாடியதில் அவருடைய சிந்தனை மெல்ல மெல்லத் திசை மாறியது. கணித்துக்கொண்டே போவதை விட்டு, கணிப்புக்குப் பின்னால் இருக்கும் அமைப்பைப் பார்க்கத் தொடங்கினார். வயது முப்பதை எட்டிவிட்டது. கணிதத்தில் இருபதுகளில் சாதிக்காதவர் சாதிக்கமாட்டார் என்று சொல்வாருண்டு. இவருடைய தலைசிறந்த வேலை முப்பத்தெட்டு வயதுக்குப் பிறகுதான் வந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் நாம் நேர்மையாக எழுதியவர்கள் ஆகமாட்டோம். சம்பளமில்லாமல் இத்தனை ஆண்டுகள் உழைக்க அவரால் முடிந்ததற்கு, தகப்பன் வீட்டில் சாப்பாட்டுக்குக் குறைவில்லாதிருந்ததும் ஒரு காரணம். அவர் மணம் செய்துகொள்ளவும் இல்லை. பொறுமையாக இரு, உனக்கும் காலம் வரும் என்று நியமனமில்லாத இளம் பட்டதாரிக்குப் புத்தி சொல்ல எமி நோதரை உதாரணம் காட்டுவது அவருக்கும் அந்தப் பட்டதாரிக்கும் செய்யும் அநியாயம். அவர் பொறுமையாக இருந்தார் என்பது உண்மை. அவருக்குக் கொடுக்கவேண்டியதைக் கொடாமல் விட்டார்கள் என்பதும் அதேயளவு உண்மை.

1915இல் ஹில்பேர்ட்டும் கிளைனும் அவரைக் கோட்டிங்கனுக்கு அழைத்தார்கள். அக்காலத்தில் உலகக் கணிதத்தின் தலைநகரம் என்றால் அது கோட்டிங்கன்தான். அவர் அங்கே போன சில நாட்களில் தாயார் இறந்துபோனார். ஊருக்குப் போய்த் திரும்பி வந்தார். விரிவுரையாற்றும் உரிமைக்கு விண்ணப்பித்தபோது, மெய்யியல் பீடத்தைச் சேர்ந்த கணிதரல்லாத பேராசிரியர்கள் எதிர்த்தார்கள். போர்முனையிலிருந்து திரும்பும் நம் வீரர்கள் ஒரு பெண்ணின் காலடியில் இருந்தா படிப்பது என்பது அவர்களது வாதம். விண்ணப்பதாரி ஆணா பெண்ணா என்பதைப் பார்க்க இது பல்கலைக்கழகமா, குளிக்கும் இடமா என்ற கருத்தில் ஹில்பேர்ட் சீறியதாகக் கதை. (பின்னாளில் கோட்டிங்கனில் ஆண்கள் மட்டுமே நீந்திய ஒரு குளத்துக்கு எமி நோதரும் தவறாமல் நீந்தப் போனார் என்பதைப் படித்தபோது நமக்குச் சிரிப்பு வந்தது.) சீறியும் பலனில்லை. ஆண்களுக்கே அந்த உரிமை என்று விதி இருந்தது. அமைச்சும் அசையவில்லை.

ஆகவே ஹில்பேர்ட் ஒரு வழி கண்டார். விரிவுரைப் பட்டியலில் பேராசிரியர் ஹில்பேர்ட்டின் வகுப்பு, உதவி செய்பவர் செல்வி கலாநிதி நோதர் என்று போட்டார்கள். திங்கட்கிழமை பின்னேரம் நான்கு மணி முதல் ஆறு வரை, கட்டணம் இல்லை. வகுப்பை நடத்தியவர் எமி நோதர். இப்படியே நான்கு ஆண்டுகள் போயின.

அந்த நான்கு ஆண்டுகளுக்குள்தான் மேலே சொன்ன விடை வந்தது. 1915 இறுதியில் ஐன்ஸ்ரைன் தம் பொதுச் சார்புக் கொள்கையை வெளியிட்டிருந்தார். அந்தக் கொள்கையில் சக்திக் காப்பு விதி எப்படிப் பொருந்துகிறது என்பது ஹில்பேர்ட்டுக்கும் கிளைனுக்கும் பெரும் சிக்கலாக இருந்தது. அவர்கள் அதை எமி நோதரிடம் கேட்டார்கள். அவர் அந்த ஒரு சிக்கலை மட்டும் அவிழ்க்கவில்லை. அதன் வேரையே கண்டார்.

அதை எளிதாகச் சொல்லிப் பார்ப்போம். ஒரு பரிசோதனையை இன்று செய்தாலும் நாளை செய்தாலும் இயற்கையின் விதி ஒன்றே என்றால், அந்த விதிக்குக் காலத்தில் ஒரு சமச்சீர் உண்டு. அந்தச் சமச்சீர் இருப்பதனால்தான் சக்தி காக்கப்படுகிறது. யாழ்ப்பாணத்தில் செய்தாலும் கண்டியில் செய்தாலும் விதி ஒன்றே என்பதிலிருந்து உந்தக் காப்பு வருகிறது. வடக்கு நோக்கி வைத்துச் செய்தாலும் கிழக்கு நோக்கி வைத்துச் செய்தாலும் ஒன்றே என்பதிலிருந்து கோண உந்தக் காப்பு வருகிறது. நாம் தனித்தனியே பாடமாக்கிய விதிகள் எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்று அவர் நிறுவினார். இதுவே நோதர் தேற்றம். 1918 யூலையில் கோட்டிங்கன் விஞ்ஞானக் கழகத்தில் இது சமர்ப்பிக்கப்பட்டது. சமர்ப்பித்தவர் கிளைன். அந்தக் கழகத்தில் எமி நோதர் அங்கத்தவர் அல்லர். கடைசிவரை ஆகவும் இல்லை. இன்றைக்குத் துணிக்கைப் பௌதிகவியல் படிக்கும் எந்த மாணவரும் இந்தத் தேற்றத்தைத் தொடாமல் ஓரடி நகர முடியாது.

போர் முடிந்து ஆட்சி மாறியபின், 1919இல், முப்பத்தேழாவது வயதில், விரிவுரையாற்றும் உரிமை கிடைத்தது. சம்பளம் அப்போதும் இல்லை. 1922இல் பேராசிரியர் என்ற பட்டம் வந்தது. அரச பதவியில் சேராத, ஊதியமற்ற பேராசிரியர் என்ற அடைமொழியோடு வந்தது. மறு ஆண்டு அட்சரகணிதம் கற்பிப்பதற்கென்று ஒப்பந்த அடிப்படையில் ஒரு சிறு தொகை கொடுக்கத் தொடங்கினார்கள். பட்டம் பெற்றுப் பதினாறு ஆண்டுகளின் பின் வந்த முதற் சம்பளம் அது. முழுப் பேராசிரியர் பதவி ஜேர்மனியில் அவருக்கு ஒருநாளும் கிடைக்கவில்லை.

ஆனால் வேலை காத்திருக்கவில்லை. 1921இல் அவர் வெளியிட்ட கட்டுரையொன்று அட்சரகணிதத்தின் முகத்தையே மாற்றியது. 12 என்ற எண்ணை 2, 2, 3 என்று முதன்மை எண்களின் பெருக்கமாகப் பிரிக்கலாம், வேறு விதமாகப் பிரிக்க முடியாது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். எண்களைவிடச் சிக்கலான கணிதப் பொருள்களை எந்த நிபந்தனையில் இப்படிப் பிரிக்கலாம் என்று அவர் கேட்டார். மிகச் சிறிய ஒரு நிபந்தனை போதும் என்று காட்டினார். அந்த நிபந்தனைக்கு அமைந்தவற்றை இன்று உலகெங்கும் நோதர் வளையங்கள் என்று அழைக்கிறார்கள். கணித்துக் கணித்துச் சென்ற மாணவி, கணிப்பே இல்லாமல் கருத்துகளை வைத்து நிறுவும் ஆசிரியையாக மாறியிருந்தார்.

அவர் நல்ல ஆசிரியையா என்று கேட்டால், இல்லை என்றும் ஆம் என்றும் சொல்லவேண்டும். புதிதாக வந்தவருக்கு அவருடைய விரிவுரை விளங்காது. மிக வேகமாகப் பேசுவார், ஒரு வாக்கியத்தை முடிக்குமுன் அடுத்ததற்குத் தாவுவார், அப்போதுதான் தோன்றிய எண்ணத்தைக் கரும்பலகையில் போட்டு அங்கேயே அழிப்பார். தலைமயிர் குலைந்து தொங்கும், அவருக்குத் தெரியாது. உடுப்பில் அக்கறை இல்லை. ஆனால் தாக்குப்பிடித்து இருந்தவர்களுக்கு அவர் அள்ளிக் கொடுத்தார். தமது எண்ணங்களை மாணவர் எழுதி வெளியிட்டால் மகிழ்வார், உரிமை கோரமாட்டார். ஒல்லாந்திலிருந்து வந்த வான் டெர் வேர்டன் என்ற இளைஞர் 1930, 31இல் வெளியிட்ட நவீன அட்சரகணிதம் பற்றிய இரு பாகப் பாடநூல்தான் அந்தத் துறையை உலகுக்குக் கொண்டுபோனது. எமி நோதரதும் ஏமில் ஆர்டினதும் விரிவுரைகளை அடிப்படையாகக் கொண்ட நூல் அது என்று முகப்பிலேயே போட்டிருந்தார். மாணவர் கூட்டத்தோடு மழையிலும் நடந்துகொண்டு கணிதம் பேசுவதும், தம் சிறிய வீட்டுக்கு அழைத்துப் புடிங் செய்து கொடுப்பதும் எமி நோதரின் வழக்கம். ரஷ்யாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்தவர்கள்கூட அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். 1932இல் சூரிச்சில் நடந்த அனைத்துலகக் கணித மாநாட்டில் முழு அவைக்கும் அவர் உரை நிகழ்த்தினார். ஒரு பெண் அவ்வாறு உரையாற்றியது அதுவே முதல் தடவை. வயது ஐம்பது. உழைப்பெல்லாம் பலித்துவிட்டது என்று நினைத்திருக்கலாம்.

ஏழு மாதம்கூடப் பொறுக்கவில்லை. 1933 சனவரியில் ஹிட்லர் பதவிக்கு வந்தார். ஏப்பிரலில் யூதர்களை அரச சேவையிலிருந்து அகற்றும் சட்டம் வந்தது. அரச பதவியில் சேர்க்காமலே வைத்திருந்தவரை அரச பதவியிலிருந்து நீக்குவதற்கு மட்டும் அவர்களுக்கு நினைவு வந்தது. சக கணிதர்கள் அவருக்காக எழுதிய மனுக்கள் பயனற்றுப் போயின. எமி நோதர் புலம்பவில்லை. மாணவர்களைத் தம் வீட்டுக்கு வரச்சொல்லி அங்கே வகுப்பைத் தொடர்ந்தார். ஒரு மாணவர் நாசிப் படையின் சீருடையோடு வந்து இருந்து படித்தாராம். அதையும் பொருட்படுத்தாமல் கற்பித்தார். அந்தக் கோடையில் வெறுப்பும் பயமும் நாலாபுறமும் சூழ்ந்திருந்தபோது அவருடைய துணிவும் பகைமையற்ற மனமும் தமக்கு ஆறுதலாக இருந்தன என்று சக பேராசிரியர் ஹேர்மன் வைல் பின்னர் நினைவுகூர்ந்தார். ஊரை விட்டுப் போகும் நாள் எதுவென்று தெரியாமல் மரத்தடியில் வகுப்பு நடத்திய ஆசிரியைகளை அறிந்த நமக்கு இதை அதிகம் விளக்கவேண்டியதில்லை.

அந்த ஆண்டின் இறுதிப் பகுதியில் கப்பலேறி அமெரிக்கா சென்றார். பென்சில்வேனியா மாநிலத்தில் பிலடெல்பியாவுக்கு அருகிலுள்ள பிரின் மார் என்ற பெண்கள் கல்லூரி, நன்கொடை நிதியொன்றின் உதவியோடு அவருக்கு இடம் கொடுத்தது. அதுவும் நிரந்தர நியமனம் அன்று. ஆனால் முதல் தரமாக, பெண் என்பதற்காக யாரும் வழி மறிக்காத ஒரு நிறுவனத்தில் அவர் இருந்தார். கணிதத் துறைத் தலைவி அனா பெல் வீலர் தாமும் கோட்டிங்கனில் படித்தவர். இருவரும் நல்ல சிநேகிதிகள் ஆனார்கள். உலகின் மிகப் பெரிய கணித நிலையத்தில் இருந்தவர், ஒரு சிறு பெண்கள் கல்லூரியில் நாலைந்து மாணவியரைச் சுற்றி வைத்துக்கொண்டு, பாதி ஆங்கிலமும் பாதி ஜேர்மனுமாகக் கற்பித்தார். அதைத் தாழ்வாக அவர் எண்ணியதாகத் தெரியவில்லை. அவர்களையும் அழைத்துக்கொண்டு நடந்தபடியே கணிதம் பேசினார். 1934 முதல் வாரமொருமுறை பிரின்ஸ்ரன் உயர் ஆய்வு நிலையத்துக்கும் போய் விரிவுரை நடத்தி வந்தார்.

1934 கோடையில் ஒரு தரம் கோட்டிங்கனுக்குத் திரும்பினார். தங்குவதற்கல்ல, வீட்டைக் காலி செய்து தட்டுமுட்டுச் சாமான்களை அனுப்பிவைப்பதற்கு. தம்பி ஃப்ரிட்ஸ் நோதரும் கணிதப் பேராசிரியர்தான். அவரும் பதவி இழந்து சோவியத் நாட்டில் சைபீரியாவின் தொம்ஸ்க் நகருக்குப் போக ஆயத்தமாக இருந்தார். அக்காவும் தம்பியும் அதன்பின் சந்திக்கவில்லை. ஃப்ரிட்ஸ் அங்கே கைது செய்யப்பட்டு 1941இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தத் துயரத்தைக் காண அக்கா உயிரோடு இருக்கவில்லை.

1935 ஏப்பிரலில் எமி நோதருக்குக் கட்டியொன்றை அகற்றச் சத்திரசிகிச்சை நடந்தது. நலமாகத் தேறிவருகிறார் என்று எல்லோரும் நினைத்திருக்க, நாலாம் நாள், ஏப்பிரல் 14ஆம் திகதி, திடீரெனக் காய்ச்சல் ஏறிக் காலமானார். வயது 53. ஆராய்ச்சியின் உச்சத்தில் இருந்தார். ஐன்ஸ்ரைன் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில், பெண்களின் உயர்கல்வி தொடங்கிய காலத்திலிருந்து தோன்றிய கணித மேதைகளுள் இவரையே மிகப் பெரியவராகக் குறிப்பிட்டார். அதைப் பாராட்டாகச் சொன்னார் என்று தெரிகிறது. ஆனாலும் பெண்களுள் என்று வரையறுத்தது போதாது என்று கணிதம் படித்த நம் சிநேகிதிகள் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது சரி.

பெண்பிள்ளைகளுக்கு இடமில்லாதிருந்த எர்லாங்கனில் இப்போது அவர் பெயரில் ஓர் உயர்தரப் பாடசாலை இருக்கிறது. அவருடைய அஸ்தி அங்கே இல்லை. பிரின் மார் கல்லூரி நூலகத்தின் நடு முற்றத்தைச் சுற்றி ஒரு தாழ்வாரம் உண்டு. அந்த நடைபாதையின் கீழே அதை வைத்திருக்கிறார்கள். வகுப்புக்கும் நூலகத்துக்கும் போகும் மாணவியர் புத்தகங்களோடு அதைக் கடந்து நடக்கிறார்கள்.